இருபத்திரண்டு பாவாடைகளும் நாலாம் பாட்டும்

பூங்காவனத்துக்குப் பாட்டில் அக்கறை கிடையாது. வெறுப்பும் கிடையாது. மழை பெய்தால் காதில் விழும், லோரி போனால் விழும், கோயிலில் மேளம் கொட்டினால் அதுவும் விழும். முப்பத்தாறு வயதுவரை எந்தப் பாட்டையும் அவள் உட்கார்ந்து முழுதாகக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் தையல் மிஷின் சத்தத்துக்கு ஊடே வந்து போனவைதான்.

மலாக்காவின் காஜா பெராங் சாலையில், பொன்னுதுரையின் காப்பிக்கடைக்கு நேர் எதிரே இருந்த வீட்டின் முன்னறையில் அவளுடைய மிஷின் இருந்தது. மிதித்து ஓட்டும் மிஷின். வாங்கும்போதே பழையது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அங்கே அவளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. கிழிந்து ஒதுக்கிய சட்டைகளைத் தையல் தையலாகப் பிரித்து, எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பார்த்தே கற்றுக்கொண்டாள். அப்படிக் கற்றதால் ஒரு பழக்கம் ஊறியிருந்தது. எடுத்த துணியை முழுதாக முடித்து, நூலை அறுத்து, மடித்து வைத்த பிறகே அடுத்ததைத் தொடுவாள். கலியாணமாகி மலாக்காவுக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் இதை மாற்றியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு ஆகஸ்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சீதா டீச்சர் ஒரு தாளோடு வந்தார். டீச்சருக்கு இருபத்தாறு வயது, சிரிக்காமல் பேசுகிறவர். மாதக் கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கும் நாள் ஊர்வலத்தில் இருபத்திரண்டு பெண்பிள்ளைகள் கும்மி ஆடப்போகிறார்கள், எல்லாருக்கும் கொடி மாதிரியே பாவாடை வேண்டும் என்றார். தாளில் படம் இருந்தது. நாட்டில் பதினொரு மாநிலம், கொடியில் பதினொரு பட்டை, மூலையில் ஒரு நீலக் கட்டம். பாவாடையிலும் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி, மேலிருந்து கீழாகப் பதினொரு பட்டை. பெரிய வாத்தியார் டவுனில் மூன்று மிஷின் வைத்திருக்கிற கடைக்குத்தான் கொடுக்கச் சொன்னாராம். இந்த அம்மா முடித்துக் கொடுப்பார் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்து வாங்கி வந்திருக்கிறார். இருபத்தொன்பதாம் தேதி வியாழன், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் கையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லாரும் பள்ளிக்கூட உடுப்போடுதான் போக வேண்டும், டீச்சரும் பெரிய வாத்தியாரிடம் தலைகுனிய வேண்டும்.

பூங்காவனம் சரி என்றாள். அதுவரை அவளிடம் வந்ததெல்லாம் ரவிக்கையும் தலையணை உறையும் கால்சட்டை ஒட்டும்தான். இவ்வளவு பெரிய வேலையை நம்பி யாரும் அவள் வாசலில் வைத்ததில்லை.

ஊரெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்ததால் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் கடைகளில் கிடைக்காமல் போயின. டீச்சர் அலைந்து வாங்கிக் கொண்டுவந்து போட்டது பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை. அன்று முழுவதும் வெட்டினாள். சிவப்பு நூற்று முப்பத்திரண்டு துண்டு, வெள்ளை நூற்றுப் பத்து. பிறகு உட்கார்ந்து விரல் மடக்கினாள். இருப்பது ஒன்பது நாளும் வியாழக்கிழமைக் காலையும். ஒரு நாளைக்கு இரண்டு பாவாடை என்றால் பத்தொன்பது வரும். மூன்று குறைகிறது. மூன்றாவது தடவை மடக்கியபோதும் பத்தொன்பதுதான் வந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமைக் காலை பத்து மணிக்கு எதிர்க்கடையில் ஒரு புதுப் பாட்டுப் பிளேட் சுழலத் தொடங்கியது.

பொன்னுதுரை கடையில் ரேடியோகிராம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவன் மச்சான் அனுப்பிய பிளேட் இது. பக்கத்துக்கு ஆறு பாட்டு. புரட்டிப் போட வேண்டிய அவசரமே இல்லாத பெரிய பிளேட். சிங்கப்பூரில் இதுதான் பேச்சு என்று மச்சான் எழுதியிருந்தான். மலாக்காவிலும் முடிவெட்டும் கடை, சைக்கிள் கடை எங்கும் அதே பிளேட் ஏற்கெனவே வந்துவிட்டது. பாட்டு என்கிறோமே தவிர அதில் யாரும் பாடவில்லை. ஆர்மோனியம் போலக் கட்டைகள் வைத்த ஒரு பெட்டி. காற்றுக்குப் பதில் கரண்டில் சத்தம் போடுவது. அடியில் விடாமல் ஒரு தாளம்.

முதல் சத்தம் கேட்டதும் பூங்காவனம் கத்தரிக்கோலோடு வாசலுக்கு ஓடினாள். எங்கோ கரண்டுக் கம்பி அறுந்து தண்ணீரில் விழுந்துவிட்டது என்று நினைத்தாள். காப்பிக்கடையில் புகை வரவில்லை. உள்ளே ஆட்கள் கோப்பையைப் பிடித்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். தகர டின்னுக்குள் வண்டு மாட்டிக்கொண்டு, மாட்டியதற்காகச் சந்தோஷப்படுவது போலிருந்தது அந்தச் சத்தம்.

இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஊசிக்கடியில் வைத்து மிதித்தாள். ஓட்டு முடிந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. அடுத்ததை வைத்தாள். அப்போதுதான் காலைக் கவனித்தாள். கால் அவளுடையதாக இல்லை. எதிர்க்கடைத் தாளம் தார்ச்சாலையைத் தாண்டி வந்து அவள் பாதத்துக்குள் புகுந்து பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தாள், நின்றது. விட்டாள், ஓடியது. இருபத்தாறு அங்குல நீளத் துணி, ஐஸ் சீவும் மிஷினில் கட்டி கரைவதுபோல் ஊசிக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது பாட்டில் சத்தம் குமிழ் குமிழாக வந்து வெடித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக ஒரு அறையில் காரணமில்லாமல் சிரிப்பது சரியா என்று தெரியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தைத்தாள். மூன்றாவது பாட்டு ரயில்போலப் போனது. அதில் மட்டும் இரண்டு ஓட்டு. நாலாவது பாட்டு வந்ததும் எல்லாம் கெட்டது. மெதுவான பாட்டு, ஒன்றை அழுத்தி இரண்டை மிதக்கவிடும் தாளம். கால் எதை மிதிப்பது என்று புரியாமல் தடுமாறியது, சக்கரம் பின்பக்கம் சுழன்றது, நூல் அறுந்தது. கோத்து மிதித்தாள், மறுபடியும் அறுந்தது. இந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவனுக்கு வேறு வேலை இல்லை என்று முடிவு செய்து, அது தீரும்வரை பாபினுக்கு நூல் சுற்றினாள். பிறகு வந்தது மறுபடியும் ஓட்டம். அந்தப் பக்கம் முடிந்தபோது ஒன்பது ஓட்டு அடித்திருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் ஐந்துதான் வரும்.

அன்றைக்குத்தான் தன் பழக்கத்தை விட்டாள். ஒரு பாவாடையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால், நடுவில் நாடா, இடுப்புப் பட்டி, ஓரம் என்று கால் நின்று நின்று போகும். இந்தத் தாளம் நேர் ஓட்டுக்கென்றே வந்தது. அதனால் இருபத்திரண்டுக்கும் பட்டைகளை மட்டும் முதலில் சேர்த்துவிடுவது, வளைத்து மூட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். பொன்னுதுரை காலையில் ஒரு மணி நேரமும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் பிளேட் போடுவான். அந்த இரண்டு மணி நேரத்துக்காக அவள் சோற்றை விடியலிலேயே வடித்தாள்.

அவள் புருஷன் அப்பாசாமி முனிசிபாலிட்டியில் தண்ணீர்க்குழாய் பதிக்கிறவர். அந்த வாரத்து வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தபோது தட்டை வைத்துக்கொண்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராத்திரி என்ன கனவு கண்ட?"

"ஒன்னும் காணலியே."

"ரெண்டு மணி நேரமா என் முழங்காலை மெதிச்ச. பாதிச் சட்டை தைச்சிருப்ப."

சனிக்கிழமை மத்தியானத்தோடு இருநூற்றிருபது ஓட்டும் முடிந்தன. அறை முழுவதும் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி தொங்கியது. பூங்காவனத்துக்குத் தலை கிறுகிறுத்தது. வாசலில் நின்று, இந்தப் பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பாட்டா என்று பொன்னுதுரையைக் கேட்டாள். சாலைக்கு நடுவிலிருந்து கேட்டாள் என்றே சொல்லலாம். காப்பிக்கடைக்குள் அவள் போனதில்லை. அந்த வட்டாரத்துப் பெண்கள் யாரும் போவதில்லை. அவன் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஆறுக்கா. அஞ்சாவது எந்தச் சத்தத்துல முடியுதோ, ஆறாவது அதே சத்தத்துல ஆரம்பிக்குது. அதான் ஒங்களுக்கு ஒன்னாக் கேட்டிருக்கு. இங்க பாருங்க, நடுவுல ஒரு கோடு. இதுல சத்தம் இல்ல."

வெயிலில் சாய்த்துக் காட்டினான். கறுப்புப் பட்டைகளும் நடுநடுவே மெல்லிய பளபளப்புக் கோடுகளும். நல்ல கரை போட்ட துணி மாதிரி இருக்கிறதே என்று அவள் சொன்னாள். அவனுக்கு அது புரியவில்லை; ஆனாலும் தன் பிளேட்டைப் பாராட்டியதில் சந்தோஷப்பட்டான்.

ஞாயிறும் திங்களும் இடுப்புப் பட்டி. செவ்வாய்க்கிழமை, இருபத்தேழாம் தேதி காலை, முதல் பாவாடையை வளைத்து இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஓட்டுப் போட்டு, ஆணியில் மாட்டிப் பார்த்தாள். மாட்டிய இடத்திலேயே நின்றாள்.

ஒரு இடத்தில் சிவப்பு இரண்டு மடங்கு அகலமாக இருந்தது.

கொடியில் மேலேயும் சிவப்பு, கீழேயும் சிவப்பு. கொடி தட்டையாக இருக்கும்வரை அதில் தொல்லையில்லை. வளைத்தால் இரண்டு சிவப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும். சுற்றி எண்ணினால் பட்டை பத்துதான். ஒரு பாவாடையை முடித்து அடுத்ததைத் தொடும் பழைய வழியில் போயிருந்தால் முதல் நாள் மத்தியானமே தெரிந்திருக்கும். இப்போது இருபத்திரண்டும் அதே மாதிரி தொங்கின. இருப்பது இரண்டரை நாள்.

பாவாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். எதிரே பிளேட் முதல் பாட்டைத் தொடங்கியிருந்தது. அவளை அறியாமல் நடை அதற்குத் தகுந்தாற்போல் வேகமானது. டீச்சர் பாவாடையை வாங்கிப் பார்த்தார். நம்பாமல், தன் படத்தை எடுத்து உருளையாகச் சுருட்டினார். தாளிலும் சிவப்பு சிவப்பைப் போய்த் தொட்டது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு சிவப்பை எடுத்துவிட்டால் பத்து. ஒரு வெள்ளையைச் சேர்த்தால் பன்னிரண்டு. பெரிய வாத்தியார் கட்டாயம் எண்ணிப் பார்ப்பார் என்றார் டீச்சர்.

"பதினொரு மாநிலத்துல எதைக்கா விடுறது? இல்லாத பன்னண்டாவத எங்கேருந்து கொண்டாறது?"

பூங்காவனம் தாள் உருளையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரே சத்தத்தில் முடிந்து ஒரே சத்தத்தில் தொடங்கும் இரண்டு பாட்டை, நடுவில் இருந்த கோடுதான் இரண்டாக வைத்திருந்தது.

"நடுவுல ஒரு கோடு விடுவோம் டீச்சர். ரெண்டு செகப்புக்கும் நடுவுல. கொடியில நீலம் இருக்குதில்ல, அதுக்கு நாம எடமே குடுக்கலியே."

டீச்சர் அவள் கையிலிருந்த தாளை வாங்கி விரித்தார். பிறகு, நீலத்தைப் பட்டையாக எண்ண மாட்டார்கள், சிவப்பும் வெள்ளையும் பதினொன்று இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். உடனே இன்னொன்று நினைவுக்கு வந்து முகம் வாடியது. ஊரில் நீலத் துணியும் தீர்ந்துவிட்டது. இதற்குமுன் தேடியபோதே இல்லை.

அப்போது மணி அடித்தது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்பான கருநீலப் பினபோரோடு வராந்தாவில் ஓடினார்கள். இருவரும் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

எந்தத் தாயும் அந்த உடுப்பை அளவாகத் தைப்பதில்லை. பிள்ளை வளர வளர இறக்கிவிடலாம் என்று அடியில் மூன்று அங்குலம் உள்ளே மடித்து வைப்பார்கள். மடிப்பைப் பிரித்து, உட்பக்கத்தில் இரண்டரை அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, மீதி அரை அங்குலத்தைத் திரும்ப மடித்து அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை வளரும்போதுதான் தெரியும். புதன்கிழமைக் காலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு பினபோர் அவள் வீட்டுக்கு வந்துவிட்டன. சில தாய்மார்களும் கூடவே வந்து, இதை அடுத்த வருஷத்துக்கும் ஓட்டலாம் என்று வைத்திருந்தோமே என்று முனகினார்கள். இந்த ஒரு வருஷம் வளராமல் இருக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருப்பதாக டீச்சர் பதில் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பத்து மணிக்குள் நீலத் துண்டுகள் தயார். பிளேட் தொடங்கியது. பூங்காவனம் நீலத்தைச் சிவப்போடு சேர்த்து மிதித்தாள். பாதி ஓட்டில் ஊசி ஒடிந்தது. மாற்றினாள், முக்கால் ஓட்டில் அதுவும் ஒடிந்தது. பினபோர்த் துணி தடி, சிவப்பு மெல்லியது. தடியையும் மெல்லியதையும் சேர்த்து இந்த வேகத்தில் ஓட்டினால் எந்த ஊசியும் தாங்காது. மெதுவாக மிதிக்க வேண்டும். அவள் மெதுவாகத்தான் மிதிக்கப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. எட்டு நாளாக ஒரே ஓட்டத்தில் போன கால், வேறு நடையை மறந்துவிட்டிருந்தது. பிளேட் நின்ற பிறகு முயன்றாள். சத்தமில்லாமலே முதல் பாட்டு காலுக்குள் ஓடியது. டப்பியில் மீதி இருந்தது ஒரே ஊசி.

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலையைக் கடந்தாள். காப்பிக்கடைக்குள் போனாள். பொன்னுதுரை கையில் காப்பி வடிகட்டும் துணிப்பையோடு திரும்பினான்.

"தம்பி, அந்த நாலாவது பாட்டு ஒன்னு இருக்குல்ல."

"அதுவாக்கா? அது வந்தாலே ஆளுங்க எந்திரிச்சிப் போயிடுறாங்க. நானே ஊசியத் தூக்கி அடுத்ததுல வச்சிடுறேன்லா."

"அத மட்டும் போடணும்."

"ஒரு தடவையா?"

"ஒரு பாவாடைக்கு ரெண்டு தடவ. பாவாட இருவத்திரெண்டு."

கடை முழுவதும் அவளைப் பார்த்தது. பூங்காவனம் விஷயத்தைச் சொன்னாள்: நாளை பன்னிரண்டு மணி, ஒரே ஊசி, சொல்பேச்சுக் கேட்காத கால். மூலையில் உட்கார்ந்திருந்த தபால்காரர், நாற்பத்துநாலு தடவை கேட்டால் தனக்குப் பைத்தியம் பிடிக்கும், அதற்குக் காப்பி யார் வாங்கிக் கொடுப்பது என்று கேட்டார். பொன்னுதுரை துணிப்பையைக் கீழே வைத்தான்.

"எம் மவளும் அதுல ஆடுது. பிடிக்காதவங்க காசக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

ஒருவரும் கிளம்பவில்லை. இது எப்படி முடிகிறது என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

முதல் இரண்டு தடவையும் சக்கரம் பின்னால்தான் போனது. மூன்றாவது தடவை அவள் தைக்கவே இல்லை. ஊசியைத் தூக்கி வைத்துவிட்டுச் சும்மா கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, கையில் வேலை இல்லாமல், ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேட்டாள். ஈரக் கண்ணாடியில் விரலால் தேய்ப்பது போன்ற சத்தம். எங்கோ போய் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. மூன்று தட்டில் முதல் தட்டுக்குத்தான் எடை இருந்தது. மற்ற இரண்டும் தானாக வந்தன. நாலாவது தடவை முதல் தட்டில் மட்டும் பெடலை அழுத்தினாள், மற்ற இரண்டையும் சக்கரத்தின் போக்கில் விட்டாள். ஊசி தடித்த துணிக்குள் நிதானமாக இறங்கி, நிதானமாக ஏறியது. நூல் அறவில்லை. இந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவனைப் பற்றி எடுத்த முடிவை அவள் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

பத்தாவது பாவாடையில் கடைக்குள் இரண்டு பேர் அதே தாளத்தில் ஆட ஆரம்பித்திருந்தார்கள், உட்கார்ந்தபடியேதான். தபால்காரர் கடிதப் பையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் வேலையிலிருந்து வந்த அப்பாசாமி, ஒன்றும் தெரியாமல் கடைக்குள் போய், பிளேட் சிக்கிக்கொண்டதா என்று கேட்டு, எல்லாரிடமும் திட்டு வாங்கி, ஒரு காப்பியும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாவாடை முடிந்ததும் பூங்காவனம் அதை ஜன்னலுக்கு வெளியே உதறிக் காட்டினாள். அவர்கள் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னார்கள். மாலை நாலு மணிக்கு இருபத்திரண்டு என்று சொல்லிவிட்டு, பொன்னுதுரை ரேடியோகிராமைத் தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று மூடினான்.

அடி ஓரம் மட்டும் மீதி. புதன்கிழமை இருட்டுவதற்குள் எட்டு. வியாழக்கிழமைக் காலை பொன்னுதுரை ஆறரை மணிக்கே முதல் பாட்டைப் போட்டுவிட்டான். காப்பி குடிக்க வந்தவர்களுக்குத் தூக்கம் தெளிவதற்குள் அவள் காலுக்குத் தெளிந்தது. சீதா டீச்சர் பதினொன்றரைக்கு வந்தபோது இருபத்தோராவது ஓரம் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் நின்றுகொண்டே பார்த்தார். மணியைப் பார்த்தார். மறுபடியும் ஊசியைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் பூங்காவனம் கடைசி நூலை அறுத்து, பாவாடையை நீட்டினாள்.

டீச்சர் மற்ற இருபத்தொன்றையும் எண்ணினார். கையிலிருந்ததை எண்ணினார். பிறகு, பெரிய வாத்தியாரிடம் கொண்டுபோவதற்குமுன் ஒருதடவை பார்த்துவிடுவது நல்லது என்று, அதைப் புடவைமேலேயே மாட்டி நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினார். எதிரே இன்னும் முதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு சுற்றுச் சுற்றினார். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, ஒரே ஒரு நீலம். துணி குடைபோல் விரிந்தது. டீச்சர் நிற்கவில்லை, இரண்டாவது சுற்று, மூன்றாவது, நாலாவது. காப்பிக்கடையிலிருந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். டீச்சர் சிரித்ததை அன்றுதான் காஜா பெராங் பார்த்தது. கடைசியில் தள்ளாடிப் படியில் வந்து விழாத குறையாக உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"எண்ணுனீங்களாக்கா? பதினொன்னு இருக்கா?"

பூங்காவனம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டிருந்ததிலேயே அவளுக்குத் தலை சுற்றியிருந்தது.

"எங்க டீச்சர் எண்ண விட்டீங்க? இன்னொருக்கா சுத்துங்க."